டாஷ்போர்ட்டுக்கு வந்த சேர்வே

எங்கள் அலுவலகத்தில் உடைந்த நாற்காலியை எறிய முடியாது. எறியலாம் என்று நினைப்பவர் அரசாங்கச் சம்பளம் வாங்கியிராதவர். உடைந்த நாற்காலியை முதலில் நடைபாதையில் வைக்க வேண்டும். முதுகில் சுண்ணாம்புக் கட்டியால் இலக்கம் எழுத வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை மூன்று பேர் கொண்ட குழு வந்து, அதைச் சுற்றி நடந்து, ஆட்டிப் பார்த்து, இது நாற்காலிதான், இது உடைந்துதான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் எரிப்பதா ஏலம் விடுவதா என்ற பேச்சு. இதற்கு 'போர்ட் ஒப் சேர்வே' என்று பெயர். வாயில் நுழைவதற்காக சேர்வே என்போம். அந்தக் குழு வரும்வரை பிள்ளைகள் நடைபாதையில் பக்கவாட்டாக நடந்து வகுப்புக்குப் போவார்கள்.

ஓர் இணையத்தளத்துக்கும் இந்தச் சேர்வே நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

இது இலங்கை மலைநாட்டில், பதுளையில், இரண்டாயிரங்களின் கடைசிப் பக்கம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தையல், தச்சு, மின்னிணைப்பு, கம்பியூட்டர் எல்லாம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சி நிலையம். அங்கே நான் கம்பியூட்டர் உதவியாளர். அமைய ஊழியர் என்பார்கள். கடிதம் புதுப்பிக்கப்பட்டால் அடுத்த மாதம் வேலை இருக்கும், புதுப்பிக்கப்படாவிட்டால் இருக்காது. யாரும் போகச் சொல்லமாட்டார்கள். கடிதம் வராது, அவ்வளவுதான்.

வீடு நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். லயத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆளும் நான்தான். இதனால் எனக்குக் கிடைத்த மரியாதையைவிட லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அடி அதிகம். 'அந்த அண்ணனப் பாரு' என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். காலையில் நான் பஸ்ஸுக்குப் போகும்போது அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடம் போனார்கள்.

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். நான் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நின்றால் என்ன ஆகும் என்பதை அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"நீ பெரட்டுல போய் நின்னன்னு வையி, மறுநாளே இந்த லயத்துல பாதிப் புள்ளைக ஒன் பின்னாடி வந்து நிக்கும்."

அம்மா என்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள். அதனால் எனக்கு அந்தக் கடிதம் மாதாமாதம் வர வேண்டியிருந்தது.

இணையத்தளத்தை எங்களுக்குச் செய்து தந்தவர் வெளிநாட்டிலிருந்து சில வாரங்களுக்கு வந்த ஒரு தொண்டர். செய்து முடித்து, எல்லோருடனும் நின்று படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் எல்ல என்ற ஊரைப் பார்க்கப் போனார். அப்படியே ஊருக்கும் போய்விட்டார். போவதற்கு முன் தளத்தை முறைப்படி பிரதம லிகிதரிடம், அதாவது தலைமை எழுத்தரிடம், கையளித்தார். பிரதம லிகிதர் யாழ்ப்பாணத்து அம்மா. எங்கள் பக்கம் வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் குளிருக்கு ஸ்வெட்டர் போடாதவர். நாங்கள் எல்லோரும் மிஸ் என்போம். கையளித்த அன்றே மிஸ் பொருட் பதிவில் 'இணையத்தளம் – ஒன்று' என்று எழுதினார். உள்ளே நுழைந்ததும் முதலில் வரும் பக்கத்துக்கு டாஷ்போர்ட் என்று பெயர். அதில் ஏழு பெட்டிகள் இருந்தன. அதையும் கீழே எழுதினார்: 'பெட்டி – ஏழு. நல்ல நிலையில்.'

கடவுச்சொல் மூடிய உறையில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அமைய ஊழியர் கடவுச்சொல் வைத்திருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருப்பதாக மிஸ் சொன்னார். கம்பியூட்டருக்கு முந்திய காலத்துச் சுற்றறிக்கை. அதில் திறப்பு, அதாவது சாவி, என்றுதான் இருந்தது. திறப்பு என்றால் திறப்பதற்கு உள்ளது எதுவும் என்று மிஸ் விளக்கினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆகவே தினமும் காலையில் மிஸ் உறையைத் திறந்து தட்டச்சுச் செய்வார், நான் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்ப்பேன். முடிந்ததும் இருமுவார். நான் திரும்புவேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

மிஸ் வேலை பழகிய காலத்தில் மேசைக்கு வந்த காகிதம் எதுவானாலும் அன்றே பார்க்கப்பட வேண்டும். மேலே இருப்பதைத் தாண்டிக் கீழே இருப்பதை எடுக்கக் கூடாது. டாஷ்போர்ட்டையும் அவர் மேசைக்கு வந்த காகிதத் தட்டாகத்தான் பார்த்தார். பெட்டிகளை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்.

ஒரு பெட்டியில், எங்கள் தளத்தைப் பற்றி வேறு தளங்கள் ஏதாவது சொல்லியிருக்கின்றனவா என்று வரும். யாரும் எதுவும் சொல்லவில்லை. மிஸ் தன் குறிப்பில் அன்றைய திகதியிட்டு 'இல்லை' என்று எழுதுவார். இன்னொரு பெட்டியில் புதிதாக என்னென்ன துணை மென்பொருட்கள் வந்திருக்கின்றன, எது பிரபலம் என்று வரும். அது யாரோ சாமான் விற்கிறார்கள் என்பது மிஸ்ஸுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மூன்று விலைக்கூறல் இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று எனக்கும் சொல்லிவைத்தார். இரண்டு பெட்டிகளில் அந்த மென்பொருளைச் செய்யும் ஆட்களின் செய்திகள் ஆங்கிலத்தில் வந்துகொண்டே இருந்தன. யார் என்ன திருத்தினார், எந்த ஊரில் கூட்டம், அடுத்தது எப்போது வரும். மிஸ் அகராதி வைத்து வாசித்தார். ஒரு கட்டத்தில் அவர்களில் யார் ஒழுங்காக வேலை செய்கிறார், யார் சொன்ன நாளில் முடிக்கமாட்டார் என்பதெல்லாம் மிஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது கருத்துப் பெட்டி. இந்த மாதிரித் தளம் புதிதாக அமைக்கும்போது, மாதிரிக்காக ஒரு கருத்தை மென்பொருளே எழுதி வைத்திருக்கும். வணக்கம், இது ஒரு கருத்து, இப்படித்தான் கருத்துகள் வரும் என்கிற மாதிரி. அதை எழுதியவர் என்று ஒரு பெயரும் இருக்கும். அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை என்று முதல் நாளே மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் கேட்டுக்கொண்டார். இருந்தாலும், வந்த கடிதத்துக்குப் பதில் போகாமல் இருப்பது அலுவலகத்துக்கு அழகில்லை என்று, 'தங்கள் கருத்து கிடைக்கப்பெற்றது, உரிய கவனம் செலுத்தப்படும்' என்று பதில் எழுதினார். மறுநாள் அந்தப் பதிலே பெட்டியின் மேலே வந்து நின்றது. தன் கடிதத்துக்குத் தானே பதில் எழுத முடியாது என்பதால் ஒரு நினைவூட்டல் மட்டும் அனுப்பினார்.

'விரைவாக எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி இருந்தது. அந்தத் தொனி மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. கடைசிப் பெட்டி தளத்தில் மொத்தம் என்னென்ன இருக்கின்றன என்ற கணக்கு. இதெல்லாம் முடிவதற்குள் தேநீர் வந்துவிடும். தேநீருக்குப் பிறகு தொலைபேசி வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். இன்டர்நெட்டும் தொலைபேசியும் ஒரே இணைப்பு. மூட வேண்டியதுதான். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் அறிவித்தல் தட்டச்சு செய்யப்படக் காத்திருந்தது. அதை இணையத்தளத்தில் போடும் நேரம் மட்டும் வரவில்லை. மற்றப் பெட்டிகளை விட்டுவிட்டு நேரே அறிவித்தலுக்குப் போகலாமே என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த யோசனையை நான் சொல்லவில்லை.

பணிப்பாளர் கொழும்புக் கூட்டத்துக்குப் போய் வந்த நாள் எல்லாம் மாறியது. எங்கள் தளத்தைத் திரையில் போட்டு, இதில் ஓர் அறிவித்தல்கூட இல்லையே என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். பணிப்பாளர் என்னையும் மிஸ்ஸையும் கூப்பிட்டுச் சொன்னார்: மாதம் முடிவதற்குள் புதிய பயிற்சிக்கான அறிவித்தல் தளத்தில் வர வேண்டும். வராவிட்டால் தளத்தைக் கொழும்பில் ஒரு கம்பனி பார்த்துக்கொள்ளும், அப்போது இங்கே கம்பியூட்டர் உதவியாளர் தேவைப்படாது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் மிஸ் கேட்டார்.

"தம்பி, உந்தப் பெட்டியளைக் குறைக்கேலாதோ?"

குறைக்கலாம் என்று எனக்குத் தெரியும். திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எல்லாப் பெட்டிகளின் பெயரும் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். அடையாளத்தை எடுத்தால் பெட்டி போய்விடும். ஒரு நிமிட வேலை. இதை நான் மகிழ்ச்சியோடு மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் மகிழ்ச்சியடையவில்லை.

பதிவில் ஏழு பெட்டி என்று இருக்கிறது, கணக்காய்வு வந்து எண்ணினால் ஏழு இருக்க வேண்டும் என்றார். தேவையில்லாத பொருளாக இருக்கலாம், ஆனால் தேவையில்லை என்று சொல்ல இரண்டு பேர் போதாது, அதிலும் ஒருவர் அமைய ஊழியர். உடைந்த கதிரையை அகற்ற என்ன முறையோ பெட்டியை அகற்றவும் அதுதான் முறை. சேர்வே வைக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுச்சொல் இருப்பது மிஸ்ஸிடம். மாதம் முடிய இருந்தது நாலைந்து நாள். சேர்வே வைத்தால்தான் பெட்டி போகும், பெட்டி போனால்தான் அறிவித்தல் ஏறும், அறிவித்தல் ஏறினால்தான் நான் பெரட்டில் நிற்காமல் இருக்கலாம். பணிப்பாளரிடம் போய் சேர்வேக்கு அனுமதி வாங்கிவந்தது நானே. எதற்கு என்று அவர் கேட்டார். டாஷ்போர்ட் என்றேன். நிலையத்து வேனின் பழைய டாஷ்போர்ட் என்று நினைத்திருக்க வேண்டும், உடனே கையெழுத்துப் போட்டார்.

குழுவில் பொருளுக்குப் பொறுப்பில்லாதவர்கள்தான் இருக்கலாம். தையல் போதனாசிரியை தலைவர். அவர் ஹல்துமுல்லைப் பக்கம், எங்களை மாதிரித் தோட்டத்து ஆள், நான் அக்கா என்பேன். இரண்டாவது களஞ்சியப் பொறுப்பாளர். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், எல்லோருக்கும் அவர் ஸ்டோர் மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மூன்றாவது ஆளாகத் தச்சுப் போதனாசிரியரைப் போட்டார்கள். அவர் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கம்பியூட்டருக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டோம். மிஸ் உறையைத் திறந்தார். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "மிஸ், நான் தையல் மெஷினுக்குத்தான் சேர்வே பண்ணிருக்கேன். இதுல எங்கங்க எண்ணெ விடுறது?" என்று கேட்டார். மிஸ் அதைக் குறிப்பில் எழுதவில்லை.

விற்பனைப் பெட்டிதான் முதலில். மூன்று விலைக்கூறல் இல்லாமல் உள்ளே வந்த சாமான் என்று மிஸ் எடுத்துச் சொன்னார். அப்படியென்றால் அது வந்ததே தவறு என்று மாத்தயா சொல்ல, அகற்றலாம் என்று முடிவானது. வேறு தளங்கள் நம்மைப் பற்றிச் சொல்வதைக் காட்டும் பெட்டிக்குச் சற்று நேரம் எடுத்தது. பெட்டி பழுதா என்று மாத்தயா கேட்டார். பழுதில்லை, உள்ளே ஒன்றும் வருவதில்லை என்றேன். வெறும் பீப்பாயை எறியக் கூடாது, என்றைக்காவது தேவைப்படும் என்பது அவருடைய நிலைப்பாடு. அக்காதான் கேட்டார், நம்மைப் பற்றி யார் மாத்தயா பேசப் போகிறார்கள் என்று. மாத்தயா யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

செய்திப் பெட்டிகள் இரண்டும் வந்தபோது மிஸ் கொஞ்சம் தயங்கினார். அந்த ஆட்கள் அடுத்த மாதம் ஏதோ வெளியிட இருந்தார்கள். முடிப்பார்களோ என்னவோ என்றார். முடித்தால் என்ன, முடிக்காவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மிஸ்ஸே, சரி எழுதுங்கோ என்றார்.

கருத்துப் பெட்டிக்கு, பதில் நிலுவையில் இருக்கிறது என்ற ஆட்சேபம் வந்தது. ஆட்சேபித்தவரும் மிஸ், அதற்குத் தீர்வு கண்டவரும் மிஸ். 'பலமுறை நினைவூட்டியும் பதில் கிடைக்காமையால் இக்கோவை மூடப்படுகிறது' என்று அந்த இல்லாத மனிதருக்குக் கடைசிக் கடிதம் அங்கேயே எழுதி அனுப்பினார். கணக்குக் காட்டும் பெட்டியும் எழுதும் பெட்டியும் இருக்கட்டும் என்று முடிவானது. ஐந்து பெட்டிகள் அகற்றத் தகுந்தவை.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த மாத்தயா என்னைப் பார்த்தார். தம்பி என்பதற்கு அவர் மல்லி என்பார்.

"மல்லி, எடுத்தா இது எங்க போறது?"

எங்கும் போகாது என்றேன். மறையும், அவ்வளவுதான். திரும்ப அடையாளம் போட்டால் அப்படியே வந்துவிடும். ஒன்றுக்கும் சேதம் இல்லை என்பதை அவர்களுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

மாத்தயா பேனாவை மூடினார். அழிக்கப்பட்டது என்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், அழியாத ஒன்றுக்கு எப்படிப் போடுவது? ஏலம் விட்டதும் இல்லை, எரித்ததும் இல்லை. நாளைக்கு யாரோ அடையாளம் போட்டால் ஐந்து பெட்டியும் வந்து நிற்கும், சேர்வே குழு பொய் சொன்னதாகிவிடும். அவருக்குப் பென்ஷனுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். மிஸ்ஸும் அவர் சொல்வது சரி என்றார். எனக்கும் சரி என்றுதான் தோன்றியது, அதுதான் கஷ்டம். குழு கலைந்தது.

நடைபாதையில் அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒனக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதாடா? அழிஞ்சு போச்சுன்னு சொன்னா எவன் வந்து தேடப் போறான்?"

"ஆனா அழியலையே அக்கா."

"படிச்சுக் கெட்டுப்போன பயடா நீ. போ, போய் கொழுந்துக் கூடைய எடுத்து வையி."

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, தோன்றவில்லை. வீட்டில் அறிவித்தல் போட்டாச்சா என்று அம்மா கேட்டாள். அவளுக்கு அறிவித்தல் என்றால் என்னவென்று தெரியாது. அது ஏறினால் எனக்குக் கடிதம் வரும் என்பது மட்டும் தெரியும். ஐந்து பெட்டி இடைஞ்சலாக இருக்கிறது என்றேன். தூக்கி வெளியே வைக்க வேண்டியதுதானே என்றாள். அதற்குத்தான் ஆள் வேண்டும் என்றேன். அண்ணன் தம்பி மாதிரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

மறுநாள் மிஸ் எனக்கு முன்னமே வந்து சுற்றறிக்கைக் கட்டுகளை மேசையில் விரித்து வைத்திருந்தார். ஒரு வழி இருக்கிறது என்றார். அழிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது, பாவிக்கவும் தேவையில்லை என்ற பொருளைப் பாவனையிலிருந்து எடுத்து ஒருவருடைய பொறுப்பில் வைக்கலாம். களஞ்சியம் ஏற்றால் சேர்வே முடிந்தது.

மாத்தயா ஏற்கமாட்டேன் என்றார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவருடைய களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் தொட்டுக் காட்டக்கூடியவை. கணக்காய்வுக்காரர் வந்து ஐந்து பெட்டி எங்கே என்றால் அவர் எதைத் தொட்டுக் காட்டுவார்? அதைக் காட்டத் தெரிந்தவர் யாரோ அவர்தான் வைத்திருக்க வேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அமைய ஊழியர் பொறுப்பெடுக்கலாமா என்று நானே கேட்டேன். மிஸ் யோசித்தார். திறப்பு வைத்திருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, சாமான் வைத்திருக்கக் கூடாது என்று இல்லை என்றார். 'டாஷ்போர்ட் பெட்டி – ஐந்து. திரையிலிருந்து அகற்றப்பட்டது. நல்ல நிலையில். கம்பியூட்டர் உதவியாளரின் பொறுப்பில்.' நான் கையெழுத்திட்டேன். மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். தச்சு ஆசிரியர் திகதியும் போட்டார்.

பிறகு நான் மூலையிலிருந்த பொத்தானை அழுத்தி ஐந்து அடையாளங்களையும் எடுத்தேன். ஒவ்வொன்றும் போகும்போது மாத்தயா எண்ணினார். திரை வெளுத்தது. ஒரு பக்கம் கணக்கு, இன்னொரு பக்கம் எழுதுவதற்கு வெறும் இடம்.

மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப எனக்கு என்ன வேலை கிடக்கு?"

"அறிவித்தல் மட்டும்தாங்க மிஸ்."

மிஸ் தமிழ்த் தட்டச்சு யந்திரத்தில் பழகியவர். விசைப்பலகையைப் பார்க்காமல் அடித்தார். 'விரைவாக எழுதுங்கள்' என்றிருந்த அந்தப் பெட்டியில் நான் வாசித்து முடிப்பதற்குள் அறிவித்தல் முழுவதும் ஏறியிருந்தது, இலக்கத்தோடு, 'எனது இல. – உமது இல.' என்ற கடிதத் தலை வரியோடு. வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதை அச்செடுத்துப் பணிப்பாளரிடம் அனுப்பிச் சுருக்கொப்பம் வாங்கினோம். வந்ததும் அழுத்தினார். தேநீர் வரும்போது அறிவித்தல் உலகம் முழுவதும் தெரிந்தது. உலகத்தில் யார் பார்த்தார்கள் என்று தெரியாது. பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை போன் பண்ணியது, இன்டர்நெட்டை மூடிய பிறகு.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாதக் கடைசியில் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். தளத்தைப் பார்த்தாராம், மிக நன்றாக இருக்கிறதாம். மிஸ் தானே தனியாக ஏற்றினார் என்பதைக் கேட்டு மேலிடத்தில் மகிழ்ந்தார்களாம். இவ்வளவு சுலபமாகிவிட்ட பிறகு கம்பியூட்டர் உதவியாளர் ஒருவர் அவசியமா என்று மேலிடத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறதாம். என்னுடைய உழைப்பை அவர் மறக்கமாட்டாராம். தளத்தைச் சுலபமாக்கியது நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் கருத்து இன்னும் உறுதிப்பட்டிருக்கும்.

வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். என்னை விடுவிக்கும் கடிதத்தை அடிக்கச் சொல்லி மிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். பணிப்பாளருடைய அறைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு. பேசுவது எல்லோருக்கும் கேட்கும், கேட்காத மாதிரி வேலை செய்யப் பழகியிருந்தோம்.

மிஸ்ஸின் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"அடிக்கலாம் சேர். தம்பியின்ர பொறுப்பிலை அஞ்சு சாமான் கிடக்கு. பாரம் குடுக்காமல் ஆளை விடேலாது. ஆர் பாரம் எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ, அவரின்ர பேரையும் போட்டு அடிச்சுக் கொண்டு வாறன்."

பாரம் கொடுப்பது என்றால் பொறுப்பைக் கையெழுத்தோடு ஒப்படைப்பது. என்ன சாமான் என்று பணிப்பாளர் கேட்டார். மிஸ் பதிவைக் காட்டினார். மாத்தயாவைக் கூப்பிட்டார்கள். முன்பே மறுத்துவிட்டேன், எழுத்தில் இருக்கிறது என்றார் மாத்தயா. அக்காவைக் கூப்பிட்டார்கள். என்னிடம் இருக்கிற தையல் மெஷினுக்கே பதில் சொல்லி முடியவில்லை சேர் என்றார் அக்கா. தச்சு ஆசிரியரை யாரும் கேட்கவில்லை.

பணிப்பாளரே எழுந்து வந்தார். அந்த ஐந்து பெட்டியைக் காட்டு என்றார். காட்டுவதென்றால் திரும்ப அடையாளம் போட வேண்டும் சேர் என்றேன். போடு என்றார். மிஸ் எழுந்து நின்று, சேர்வே அகற்றியதை இன்னொரு சேர்வே இல்லாமல் திரும்பக் கொண்டுவர முடியாது என்று பணிவாகச் சொன்னார். தேவையானால் குழுவைக் கூப்பிடலாம், மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். அக்கா உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பணிப்பாளர் வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவர் நல்ல மனிதர். மேலிடத்துக்கு இதை எப்படி எழுதுவது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். எழுதத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

என் கடிதம் அன்று பின்னேரம் வந்தது. மாதம் போட்டிருக்கவில்லை. 'தம் பொறுப்பிலுள்ள பொருட்களை உரிய முறையில் பாரங்கொடுக்கும் வரை' என்று மிஸ் அடித்திருந்தார். கையில் தரும்போது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இல்லை என்றேன். நன்றி மிஸ் என்று சொன்னதற்கு, எதற்கு என்று கேட்டார். உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். லயத்தில் விஷயம் எனக்கு முன்னால் போயிருந்தது. என்னைப் பொறுப்பான வேலைக்குப் போட்டுவிட்டார்கள் என்று பக்கத்துக் காம்பரா அத்தை தன் மகனை எழுப்பி உட்கார வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருந்தார். அவன் என்னைப் பார்த்தான். பழைய பார்வைதான்.

அம்மா கடிதத்தை சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"கனமான சாமானா?"

"இல்லப்பா."

"வேற யாரும் கேட்டாங்களா?"

"யாரும் வேணாம்னுட்டாங்கப்பா."

அப்பா தலையாட்டினார். "அப்ப நீயாப் போயி எவனுக்காச்சும் குடுத்துட்டு வந்துறாத" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.